கிரிசல் டாட்ஸ் ஒரு பாரொக்கினைத் திருடிய கதை

கிரிசல் டாட்ஸ் என்கிற கிழவி ஒரு பாரொக்கினைத் திருடிவிட்டாள் என்று சந்தை நாளில் செய்தி வந்தது. ஆட்டைத் திருடலாம், கோழியைத் திருடலாம், பக்கத்து வயல் வேலியை ஒரு முழம் தள்ளி நடலாம். இதெல்லாம் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. செய்தவர்களில் இரண்டு பேர் இப்போது நல்ல பதவியில் இருக்கிறார்கள். ஆனால் கோயில், மணி, கல்லறைத் தோட்டம், ஏழைகளின் உண்டியல், எல்லாமாகச் சேர்ந்த ஒரு பாரொக்கினை ஒருத்தி தனியாளாகத் தூக்கிக்கொண்டு போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உப்புக் கடைக்காரர் சொன்னது இவ்வளவுதான்: கில்மொரின், பால்டெரி என்கிற இரண்டு பாரொக்கின்களுக்கு நடுவே எல்லையாக ஓடுகிற ஓடையை அவள் ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியால் திருப்பிவிட்டாள். நான் தெருவைக் கடந்து சத்திரத்துக்குப் போவதற்குள் கதை எனக்கு முன்பாகவே அங்கே போய் உட்கார்ந்து, கொஞ்சம் குடித்தும் இருந்தது. மண்வெட்டி பிடித்தது கிழவி, லாந்தர் பிடித்தது சாத்தான் என்றார்கள். கில்மொரின் சபையின் மூப்பர் நினியன் கவுடி சாத்தானை மட்டும் கழித்துவிட்டு மீதியை நம்பினார். நம்பியதோடு நிற்கவில்லை. வருகிற திருவிருந்துக்குக் கிரிசலுக்கு வில்லை கிடையாது என்றும் சொல்லிவிட்டார்.

அதுதான் என்னைக் கிளப்பியது. கோடையில் ஒரே ஒரு முறை கோயிலுக்குள் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஊரே வரிசையாக உட்கார்ந்து அப்பமும் திராட்சை ரசமும் வாங்குகிற நாள் அது. முந்தின சனிக்கிழமை மூப்பர் கையால் ஈய வில்லை வாங்கியவர்களுக்குத்தான் மேசையில் இடம். வில்லை இல்லாதவர் பின்சுவரோரம் நின்று மற்றவர்களின் முதுகைப் பார்க்கலாம். கிரிசல் போன கோடையில் முதுகு பார்த்தவள். இந்தக் கோடையும் அப்படியே போனால், எழுபதைத் தாண்டியவளுக்கு அடுத்த கோடை யார் தருவது?

பாரொக்கின் என்கிற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எடின்பரோவிலிருந்து வரும் செய்தித்தாள்கள் இப்போதெல்லாம் ‘பாரிஷ்’ என்று எழுதுகின்றன. உங்கள் பக்கத்தில் பங்கு என்பார்கள், சேகரம் என்பார்கள். எங்கள் கிழவர்கள் வாயில் இன்னும் பாரொக்கின்தான். பள்ளிக்கூட வாத்தியார் இதன் பூர்வீகத்தைக் கிரேக்கம்வரை தோண்டி வைத்திருக்கிறார். அங்கே அதற்கு அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் என்று பொருளாம். அதிலும், ஊருக்குள் இருந்துகொண்டே ஊர்க்காரராக ஆக முடியாத வந்தேறி. ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்களையே அப்படிச் சொல்லிக்கொண்டார்கள், பூமியில் நாம் வாடகைக்கு இருப்பவர்கள்தானே என்று. பிறகு அது மேற்றிராணியார் என்கிற பிஷப் ஒருவரின் ஆளுகை ஆயிற்று, பிறகு ஒரே கோயிலுக்குத் தசமபாகம் கொடுக்கிற நிலம் ஆயிற்று, பிறகு அந்த நிலத்தில் இருக்கிற ஜனம் ஆயிற்று. எங்கள் தாத்தாமார் காலத்தில் பாரொக்கின் வழக்கு விசாரித்தது, பாவம் செய்தவரை முக்காலியில் ஏற்றி நிறுத்தியது, பசித்தவருக்கு மாவு அளந்து போட்டது, அளந்ததைப் பற்றி வருடம் முழுதும் பேசியது. வந்தேறி என்கிற பழைய பொருள் மட்டும் எங்கோ கீழே போய்விட்டது. நினியன் கவுடி போன்றவர்கள் அதை அவ்வப்போது கிளறி எடுத்துத் தருகிறார்கள்.

திருட்டு என்றால் முதலில் ஆயுதத்தைத் தேட வேண்டும். கில்மொரின் கோயில்பிள்ளை வாட்டி ஹேய்க், மணியும் அடிப்பவன், குழியும் வெட்டுபவன். அவனிடம் மண்வெட்டி இருக்கிறதா என்று கேட்டேன்.

“அதக் கேக்காதீங்க ஐயா. போன வருஷம் அறுப்புக்கு முன்னாடி கிரிசலம்மா வாங்கிட்டுப் போச்சு. வாத்துக்குக் கொஞ்சம் மண்ணு தள்ளணும், ஞாயித்துக்கிழமைக்குள்ள தந்துடறேன்னுச்சு. எந்த ஞாயித்துக்கிழமைன்னு நான் கேக்கல. என் தப்பு.”

“அப்ப குழி வெட்டறது?”

“வாத்தியாரோட தோட்டத்து மண்வெட்டி. முள்ளங்கிக்கு வெட்டறது. பெரிய உடம்புக்காரங்க யாரும் இப்போதைக்குச் சாக வேணாம்னு சொல்லி வெச்சிருக்கேன். இதுவரைக்கும் கேட்டு நடந்துக்கறாங்க.”

“சும்மாவா குடுத்த?”

“சும்மா குடுப்பேனா? ஒரு ஜோடி காலுறை பின்னித் தர்றதா பேச்சு.” கால்சட்டையை உயர்த்தி வலது காலைக் காட்டினான். நல்ல சாம்பல் நிறக் கம்பளி, நெருக்கமான பின்னல். இடது காலில் இருந்ததைக் காலுறை என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. “ஒண்ணு வந்துச்சு. இன்னொண்ணு பின்னிட்டிருக்கேன்னு சொல்லுது.”

ஆக, ஆயுதம் உண்மை. நான் ஓடைப்பக்கம் நடந்தேன்.

கிரிசலின் வீடு ஓடைக்கரையில் ஒற்றையாக நிற்கிறது. வீடும் நகரவில்லை, அவளும் நகரவில்லை. நகர்ந்தது ஓடைதான். எப்போதும் அது வீட்டுக்கு வடக்கே ஓடியது, வடகரை பால்டெரி, தென்கரை கில்மொரின். போன கோடைக்கு முந்தின இலையுதிர் காலத்துப் பெருமழையில் அது மேட்டை உடைத்துக்கொண்டு வீட்டுக்குத் தெற்கே தாவிவிட்டது. படுக்கும்போது கில்மொரின்காரியாகப் படுத்தவள், எழுந்து கதவைத் திறந்தால் தன் கோயிலுக்கும் தனக்கும் நடுவே தண்ணீர்.

வாசலில் மண்வெட்டி சாய்ந்திருந்தது. ஒளித்து வைக்கும் எண்ணமே அதற்கு இல்லை. கிழவி பலகையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள்.

“வாங்க, வாங்க. நான் திருடின பாரொக்கினப் பார்க்கத்தானே வந்தீங்க? துவைச்சுக் கொல்லைல காயப் போட்டிருக்கேன். ஈரத்தோட மடிக்கக் கூடாது பாருங்க.”

உட்காரச் சொல்லி, ஓட்ஸ் ரொட்டியும் மோரும் வைத்தாள். பேச வைக்க நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, இடையில் நிறுத்துவதுதான் கஷ்டம்.

மலைக்கு மேலே எங்கோ பிறந்தவள். பதினாறு வயதில் கூலியாள் சந்தையில் நின்று, கில்மொரின் பண்ணை ஒன்றுக்கு வந்தாள். வரும்போது மாற்றுச் சட்டையும், ‘இவள் ஒழுக்கமானவள்’ என்று பழைய ஊர்ப் போதகர் எழுதிக் கொடுத்த காகிதமும் கொண்டு வந்தாள். அந்தக் காகிதம் இல்லாமல் எந்தப் பாரொக்கினும் கதவைத் திறக்காது. “ஒழுக்கத்துக்கு அந்தாளு எப்படி சாட்சி சொன்னாருன்னு தெரியல. ரெண்டு தடவதான் என்னப் பார்த்திருக்காரு, ரெண்டு தடவையும் நான் தூங்கிட்டிருந்தேன், அவரு பிரசங்கத்துல.” கருங்கல்லை மண்சாந்து இல்லாமல் அடுக்கி வேலிச்சுவர் கட்டும் ஆடம் டாட்ஸைக் கட்டிக்கொண்டாள். அவன் அதிகம் பேசாதவன். அவள் பேசுவதற்கு இடம் விட்டிருந்தான் போலிருக்கிறது. பிள்ளைகள் மூன்று. ஒன்று கல்லறைத் தோட்டத்தில், ஒன்று கனடாவில், ஒன்று எடின்பரோவில் யாரோ வக்கீல் வீட்டுச் சமையலறையில். ஆடமும் இப்போது அந்த முதல் பிள்ளையோடு இருக்கிறான். வாத்துகள் இருக்கின்றன, பின்னல் இருக்கிறது, யாரிடமும் கை நீட்டியதில்லை.

நீட்டவில்லை என்பதுதான் நினியனுக்குப் பயம். தனியாக இருக்கிற கிழவி என்றைக்காவது நீட்டத்தானே வேண்டும். நீட்டுகிற கை எந்தப் பாரொக்கினில் இருக்கிறதோ அந்தப் பாரொக்கினின் உண்டியல்தான் திறக்க வேண்டும். அதனால் ஓடை தாவிய அடுத்த வாரமே அவர் சபையில் எழுந்து தீர்ப்புச் சொன்னார்: ஓடைதான் எல்லை, அது கர்த்தர் போட்ட கோடு, கோடு போகிற இடத்துக்கு எல்லையும் போகும், ஆகவே கிரிசல் டாட்ஸ் பால்டெரிக்காரி. பால்டெரி மூப்பர்களும் வேதம் படித்தவர்கள்தான். எல்லை என்பது முன்னோர் வைத்த இடத்தில் இருப்பது, ஓடை ஊர் சுற்றினால் அதற்கு நாங்கள் பொறுப்பில்லை, அவள் கில்மொரின்காரி என்றார்கள். குளிர்காலத்தில் வீடு வீடாகப் போய் வேத வினாவிடை கேட்கிற போதகர்கள் இரண்டு பேரும் இந்த வீட்டைத் தாண்டிப் போனார்கள், இன்னொருவர் வந்திருப்பார் என்ற நல்லெண்ணத்தில். வினாவிடைக்குப் பதில் சொல்லாதவர்க்கு வில்லை இல்லை. அப்படித்தான் போன கோடையில் பின்சுவர்.

“பால்டெரில போய் உக்காரலாமேம்மா? அங்கயும் அதே அப்பம்தானே.”

“உக்காரலாம். அங்க யாரு கூட சண்ட போடறது?”

கேலி என்று நினைத்தேன். அவள் முகத்தில் கேலி இல்லை. நாற்பது வருடமாக மேசையில் அவளுக்கு இடது பக்கம் உட்காருபவள் பெத்தியா, கொல்லன் பட்டறைக்காரி. அடை காத்த கோழி ஒன்றை வைத்து இரண்டு பேருக்கும் தகராறு. கோழி செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, பேச்சு இன்னும் இல்லை. ஆனால் ஞாயிறுதோறும் பிரசங்கம் நீளும்போது, தூக்கம் வராமலிருக்கப் பெண்கள் முகர்ந்து பார்க்கிற, மரிக்கொழுந்து போல மணக்கும் ஒரு தழை உண்டே, அதைப் பெத்தியா திரும்பிப் பார்க்காமல் இவள் பக்கம் நீட்டுவாள். இவளும் திரும்பிப் பார்க்காமல் வாங்கி முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாள்.

“போன வருஷம் அவ பக்கத்துல என் எடம் காலியா கெடந்துச்சு. தள்ளி உக்காரும்மான்னு நினியன் சொல்றான். அவ அசையல. ‘ஆள் வருது’ங்கறா. நான் செவுத்தோரம் நின்னுட்டிருக்கேன், அவ முதுகுதான் எனக்குத் தெரியுது. ஆள் வருது, ஆள் வருதுன்னுட்டே உக்காந்திருந்தா கழுத.” பின்னலில் ஒரு கண்ணி தவறிப் போய் அதைத் தேடிப் பிடித்தாள். “நான் கேக்கறது அந்த எடம்தான் ஐயா. உண்டியல யாரு கேட்டா?”

“சரி, ஓடை விஷயம்?”

“வாத்துங்க பழைய பக்கமேதான் போய் நின்னுச்சு. தண்ணி இல்லாத சேத்தப் பார்த்துக்கிட்டு, காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும். எனக்குப் பொறுக்கல. மண்வெட்டி வாங்கி ஒரு சின்ன வாய்க்கா வெட்டினேன். பட்டப்பகல்ல. சாத்தான் வந்திருந்தா அவன் கைலயும் ஒண்ணு குடுத்திருப்பேன்.”

“எவ்வளவு அகலம்?”

“ரெண்டு வாத்து.” கையை அகட்டிக் காட்டினாள். “அவசரத்துல போனா ஒண்ணரை. மத்ததெல்லாம் நீங்களே நடந்து பாருங்க. நான் சொன்னா கோள் சொல்றான்னு ஆகும்.”

நடந்து பார்த்தேன். இந்த வசந்தத்தில் பனி உருகியபோது ஓடை தன் பழைய படுகைக்கே திரும்பி, இப்போது வீட்டுக்கு வடக்கே சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. கிழவியின் இரண்டு வாத்து வாய்க்கால் ஓரமாகத் தெரிந்தது. அதற்குச் சற்று மேலே வேறு யாரோ வெட்டியிருந்தார்கள். பால்டெரிக்கார இளைஞர்கள் சிலர் ஈர நாளொன்றில் மண்வெட்டிகளோடு வந்துபோனதை ஆடு மேய்ப்பவன் பார்த்திருக்கிறான். கிழவி கில்மொரினுக்கே திரும்பிப் போனால் யாருக்கு நிம்மதி என்று யோசித்தால் அவர்கள் வந்த காரணம் புரியும். ஆனால் இரண்டையும் விழுங்குகிற மாதிரி, பழைய படுகையும் புதியதும் பிரிகிற இடத்தில், ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண்ணை வாரி, இரண்டு பக்கமும் கரை கட்டி, நேர்த்தியாக ஒரு வேலை நடந்திருந்தது. அந்தப் பழைய படுகையின் ஓரமாகக் கீழே போனால் வருவது நினியன் கவுடியின் மேய்ச்சல் நிலம். ஓடை தாவியதில் அவருடைய மாடுகள்தான் முதலில் தாகத்தில் கத்தியவை.

பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த அவருடைய பண்ணையாளிடம் கேட்டேன்.

“நாங்கதான் வெட்டினோம். மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணி வரட்டும்னு எசமான் சொன்னாரு. கொஞ்சம்னுதான் சொன்னாரு. பனி உருகறப்ப ஓடைக்கு அது எப்படித் தெரியும்?”

திரும்பும் வழியில் நினியனையே பார்த்துவிட்டேன். வேலியில் சாய்ந்து மாடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

“ஓடை திரும்பி வந்துடுச்சே மூப்பரே. கர்த்தரோட கோடு மறுபடி பழைய எடத்துக்கே வந்துட்டா, கிரிசல் கில்மொரின்தானே?”

“தானா திரும்பினா கர்த்தரோட கோடு. மனுஷன் கை பட்டா அது வெறும் வாய்க்கா. வாய்க்கா எல்லை ஆகாது.”

“மாடெல்லாம் நல்லாத் தெம்பா இருக்கே.”

“கிருபை,” என்றார்.

சனிக்கிழமை கோயிலில் கூட்டம். போதகர் ஆர்னட் மெதுவாகப் பேசுகிறவர், அதைவிட மெதுவாகக் கோபப்படுகிறவர். அவருக்கு நேர்முன்னால் மேசை மேல் வில்லைப் பை, பைக்குப் பக்கத்தில் நினியன். ஒவ்வொருவராக வந்து கை நீட்ட, நினியன் எண்ணி வைத்தார். கிரிசல் தன் கறுப்புத் தொப்பியைக் கட்டிக்கொண்டு வரிசையில் வந்தாள். கை நீட்டினாள். கை அங்கேயே நின்றது.

“இந்த அம்மா நம்ம பாரொக்கின் இல்ல,” என்றார் நினியன். “ஓடையத் திருப்பினது இவங்க. மண்வெட்டி இவங்க வாசல்ல நிக்குது, ஊரே பார்த்திருக்கு.”

“வெட்டினேன்,” என்றாள் கிரிசல். “இல்லன்னு சொல்லல. என் வாத்துக்கு வெட்டினேன்.”

போதகர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வரிசையில் அவளுக்குப் பின்னால் இருந்த பெத்தியா பேசினாள். கிரிசல் பக்கம் திரும்பவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, ஏதோ சங்கீதம் சொல்கிற மாதிரி:

“நினியன், உன் மாடு குடிக்கற தண்ணி எந்தப் பாரொக்கின் தண்ணி?”

வரிசையில் யாரோ இருமினார்கள். பண்ணையாள் தன் பூட்ஸைப் பார்த்தான். நினியனின் காது சிவக்க ஆரம்பித்து, கழுத்துவரை இறங்கியது.

“அது வேற விஷயம்,” என்றார்.

“மூப்பர் ஓடையில் கை வைத்தீர்களா?” போதகர் அதே மெதுவான குரலில் கேட்டார்.

“மாட்டுக்குக் கொஞ்சம்…”

“கொஞ்சம்னா எவ்வளவு?” இது கிரிசல். “வாத்துக் கணக்குல சொல்லு.”

போதகர் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.  “ஓடையில் மனிதக் கை பட்டதா என்று சபை விசாரிக்கலாம். விசாரிப்பதானால் பட்ட கை எல்லாவற்றையும் விசாரிக்க வேண்டும். அகலமான வெட்டிலிருந்து ஆரம்பிப்பதுதான் முறை. மூப்பர் விருப்பம் எப்படி?”

மூப்பருக்கு விருப்பம் இல்லை. பாவம் செய்தவரை நிறுத்துகிற முக்காலி இப்போது மணிக்கூண்டுக்கடியில் சும்மாதான் கிடக்கிறது, ஆனாலும் அது எங்கே கிடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் பைக்குள் கைவிட்டு, மெதுவாக, ஒரு வில்லையை எடுத்தார். ஈயத்தில் கில்மொரினின் முதல் எழுத்து பதித்தது. கிரிசலின் உள்ளங்கையில் வைத்தார்.

“வினாவிடை யாரும் கேக்கலையே,” என்று கடைசியாக ஒரு வேலியை எழுப்பிப் பார்த்தார்.

“அது என் குற்றம்,” என்ற போதகர் வினாவிடையின் முதல் கேள்வியை அங்கேயே கேட்டார். “மனுஷனுடைய பிரதான நோக்கம் என்ன, அம்மா?”

“தேவனை மகிமைப்படுத்தறதும், என்னிக்கும் அவர்ல சந்தோஷமா இருக்கறதும். இந்த வரிசைல இன்னும் எவ்வளவு நேரம் நிக்கணும்னும் கேட்டுடுங்க, அதையும் சொல்லிடறேன்.”

ஞாயிறன்று மேசையில் இடது பக்கம் பெத்தியா, வலது பக்கம் கிரிசல். மூன்றாவது பிரசங்கத்தின் நடுவில் பெத்தியா கையிலிருந்து தழை வந்தது, கிரிசல் முகர்ந்தாள், தழை திரும்பிப் போனது. ஒரு வார்த்தை இல்லை. கோழி விஷயம் அப்படியேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆக, சந்தையில் கேட்டது முழுப் பொய் இல்லை. பாரொக்கின் நகர்ந்தது, மண்வெட்டியும் உண்டு. யாருடைய மண்வெட்டிக்கு ஓடை மனம் மாறியது என்பதை ஓடையைத்தான் கேட்க வேண்டும்.

போன வாரம் வாட்டி ஹேய்க் கிரிசல் வீட்டுக்குப் போயிருக்கிறான், மண்வெட்டியைக் கேட்டு. ஓடைக்கு மறுபடி மனசு மாறினால் என்ன செய்வது, இருக்கட்டும் என்றாளாம். சரி, அந்த இரண்டாவது காலுறையாவது கொடு என்றானாம். மண்வெட்டியைத் திருப்பிக் கேட்பதை நிறுத்தினால் பின்ன நேரம் கிடைக்கும் என்றாளாம். அவன் நிறுத்துவதாக இல்லை. நேற்று அவன் மணி அடிக்கப் போகும்போது பார்த்தேன்: வலது கால் கதகதப்பாகப் போகிறது, இடது கால் இன்னும் பழையதில்தான்.